மொட்டையான பின் டயருக்கு மாற்று: உழைக்கிற டயரா, பிடிக்கிற டயரா?

பைக்கின் பின் டயர் மொட்டையாகிக் கடைக்குப் போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எம்ஆர்எஃப் போடவா, சியட் போடவா, டிவிஎஸ் போடவா?" என்பதுதான். நாமும் நண்பர் சொன்னது, வீடியோவில் பார்த்தது, அன்றைக்குக் கடையில் இருந்தது என்று எதையாவது வைத்து ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறோம். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் ஓடோமீட்டரைப் பார்க்க வேண்டும். வண்டி வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? இந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. கம்பெனிப் பெயர் கடைசியில் வரட்டும்.

ஏனென்றால் டயரின் ஆயுள் இரண்டு விதமாக முடியும். ஒன்று, தேய்ந்து முடியும். இன்னொன்று, காய்ந்து முடியும். தேய்வது கண்ணுக்குத் தெரியும். பட்டன் (ரோட்டைத் தொடுகிற மேடான ரப்பர்) போய்விட்டது, மொட்டையாகிவிட்டது என்று பஞ்சர் கடைப் பையனே சொல்லிவிடுவான். காய்வது தெரியாது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் சூடும் ரப்பரை வருடா வருடம் இறுக்கிக்கொண்டே வரும். பட்டன் புதிது போல ஆழமாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் கட்டையாக இருக்கும். மழை பெய்த ரோட்டில் அந்த டயர் வழுக்கும்.

கடையில் கிடைக்கிற டயர்களையும் இதே போல இரண்டு பக்கமாகப் பிரிக்கலாம். ரப்பர் கலவை கடினமாக இருந்தால் நன்றாக உழைக்கும், பிடிப்பு கொஞ்சம் குறையும். கலவை மென்மையாக இருந்தால் ரோட்டைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். சிலிக்கா சேர்த்த கலவை, நடுவில் கடினம் ஓரங்களில் மென்மை என்று இரட்டைக் கலவை எல்லாம் வந்துவிட்டதால் இந்த இடைவெளி முன்பு இருந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் நன்றாக உழைக்கவும் வேண்டும், உச்சகட்டப் பிடிப்பும் வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு டயர் கிடையாது.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரே மாதிரி 150 சிசி வண்டி. பின் டயர் 100/90-17 (இந்த அளவை எப்படிப் படிப்பது என்று பின்னால் சொல்கிறேன்). முதலாமவர் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறார். போக 25, வர 25 கிலோமீட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். இரண்டாமவர் அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகிறார். வண்டி சனி ஞாயிறுக்கும், எப்போதாவது ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போகவும்தான். வருடத்துக்கு 4,000.

கடினமான பின் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடும் என்றும், மென்மையானது 12,000 ஓடும் என்றும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 150 சிசி வண்டிக்கு இவை நடைமுறைக்கு ஒத்துவருகிற எண்கள்தான். ஓட்டுகிற விதம், சுமை, ரோடு இவற்றைப் பொறுத்து முன்னே பின்னே போகும். முதலாமவருக்குக் கடினமான டயர் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் வரும். ரப்பர் காய்வதற்குள் தேய்ந்து முடிந்துவிடும். கொடுத்த காசு முழுக்க ரோட்டில் தேய்ந்திருக்கும். மென்மையான டயர் போட்டால் பத்து மாதத்தில் மறுபடி கடை வாசலில் நிற்பார்.

இரண்டாமவர் கதை தலைகீழ். கடினமான டயர் தேய்ந்து முடிய அவருக்கு ஏழரை வருடம் ஆகும். அதாவது முடியவே முடியாது. ஐந்து, ஆறு வருடத்தில் ரப்பர் காய்ந்து, பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு விட ஆரம்பித்திருக்கும், பட்டன் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று அதிலேயே மழையில் ஓட்டிக்கொண்டிருப்பார். மென்மையான டயர் போட்டால் மூன்று வருடத்தில் தேய்ந்துவிடும். அவர் எப்போதும் இளசான ரப்பரில் ஓட்டுவார்.

காசுக் கணக்கும் போட்டுவிடலாம். கடினமானது 2,500 ரூபாய், மென்மையானது 4,000 ரூபாய் என்று வையுங்கள். முதலாமவருக்குக் கிலோமீட்டருக்கு 8 பைசாவும் 33 பைசாவுமாக வித்தியாசம் 25 பைசா. வருடத்துக்கு 3,500 ரூபாய். அது கொஞ்சம் உறுத்துகிற தொகை. இரண்டாமவர் ஆறு வருடத்தில் 24,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மென்மையான டயர் இரண்டு வாங்கினால் 8,000, கடினமானது ஒன்று வாங்கினால் 2,500. வித்தியாசம் 5,500 ரூபாய், மாதத்துக்கு 76 ரூபாய். மழையில் பிரேக் பிடிக்கிற டயருக்கு மாதம் 76 ரூபாய் அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது.

நடைமுறையில் நம் ஊரில் இதற்கு நேர் எதிராகத்தான் நடக்கிறது. குறைவாக ஓட்டுகிறவர், "நான் என்னத்த ஓட்டப் போறேன், சாதா டயரே போதும்" என்று உழைக்கிற டயரை வாங்கிப் போடுகிறார். நாள் முழுக்க ரோட்டில் இருக்கிற பையன் வீடியோவைப் பார்த்து ரேஸ் டயர் வாங்கிவிட்டு, வருடத்துக்குள் தேய்ந்துவிட்டதே என்று கம்பெனியைத் திட்டுகிறான்.

சரி, இனி கடையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம்.

வண்டியோடு வந்த அதே டயரை மறுபடி போடுவது முதல் வழி. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். வண்டிக் கம்பெனி அந்த எடைக்கும் அந்த ரிம்முக்கும் ஓட்டிப் பார்த்துத்தான் அதை அனுப்பியிருக்கிறது. பழைய டயரோடு உங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லை என்றால், மழையில் பயந்தது இல்லை, தேய்மானமும் பரவாயில்லை என்றால், அதையே கேட்டு வாங்குங்கள். ஆனால் புது வண்டியில் வருகிற டயர் விலையையும் பெட்ரோல் மைலேஜையும் பார்த்துத் தேர்வு செய்யப்பட்டது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். மாற்றும்போது ஒரு படி மேலே போக இடம் இருக்கிறது.

இரண்டாவது, உழைக்கிற டயர். எம்ஆர்எஃப் நைலோகிரிப் ப்ளஸ், சியட் மைலேஸ், டிவிஎஸ் ஜம்போ போன்றவை இந்தப் பக்கம். தினமும் 50, 60 கிலோமீட்டர் போகிறவர், டெலிவரி வேலை பார்க்கிறவர், பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு போகிற வியாபாரி இவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம். வேகம் குறைவு, வளைவில் சாய்ப்பது குறைவு, மழையில் நிதானமாகப் போவது என்று ஓட்டும் வரை இந்த டயர்கள் ஏமாற்றாது.

மூன்றாவது, இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கிற பிடிப்பு அதிகமான டயர்கள். எம்ஆர்எஃப் ரெவ்ஸ், சியட் ஸூம் வரிசை, டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க், அப்பல்லோ ஆல்ஃபா எல்லாம் இங்கே வரும். பத்து, பதினைந்து வருடத்தில் அதிகம் முன்னேறியிருப்பது இந்த வகைதான். முன்பெல்லாம் நல்ல பிடிப்பு வேண்டும் என்றால் வெளிநாட்டு டயர் என்றுதான் பேச்சு. இப்போது 150 முதல் 250 சிசி வண்டி வைத்திருக்கிற பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. இவற்றில் பாதி நம் பக்கத்து ஊர்க் கம்பெனிகள். எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்கிற கொட்டகையாகத் தொடங்கியது. யூரோகிரிப் டயரைச் செய்கிற டிவிஎஸ் ஸ்ரீசக்ரா மதுரைக் கம்பெனி. அதனால் அளவு கிடைப்பதும், கம்பெனியில் புகார் கொடுத்தால் ஆள் வந்து பார்ப்பதும் எளிது.

நான்காவது, பிரெல்லி, மெட்ஸலர், மிஷலின் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள். நல்ல டயர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. குளிர்ந்த ரோட்டிலும் ஈர ரோட்டிலும் இவற்றின் பெரிய வரிசை டயர்கள் தருகிற நம்பிக்கை தனி. 390 டியூக், டோமினார் மாதிரி 110/70 முன், 150/60 பின் அளவு உள்ள வண்டிகளுக்கு இவற்றில் தேர்வு நிறைய உண்டு. பிரச்சினை விலையும் இருப்பும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மோட்டார் சைக்கிள் டயரும் அதில் அடக்கம். அப்புறம் இறக்குமதி டயர் வேண்டும் என்றால் வருகிறபோது வாங்கிக்கொள்வது என்று ஆகிவிட்டது. குடோனில் இரண்டு வருடம் கிடந்த டயர் முழு விலைக்குக் கையில் வருகிற ஆபத்தும் இதில்தான் அதிகம். 150 சிசி வண்டிக்கு இந்தக் காசைச் செலவழிப்பதை விட அதில் பாதிக்கு இந்திய டயர் இரண்டையும் மாற்றிவிட்டு, மீதியில் ஷாக் அப்சார்பர் ஆயில் மாற்றலாம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு: பட்டன் பெரிது பெரிதாக உள்ள இருவழி டயர், பாதி மண் பாதி தார். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வேண்டாம். ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு, சத்தம் அதிகம், வளைவில் பட்டன் நெளியும். ஊருக்குள் மண் பாதையில் தினமும் போகிறவர் தாராளமாக வாங்கலாம்.

தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீபட்டன் டயர் லாரிக்கு இருக்கட்டும். இரு சக்கர வண்டிக்கு அதைப் பேசவே வேண்டாம்.

முன் டயர், பின் டயர் என்று தனித்தனியாக

மேலே சொன்ன தாம்பரத்துக்காரர் மழைக்கு என்ன செய்வது என்று கேட்பார். கேட்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை அவர் அதே ரோட்டில்தான் போக வேண்டும். அவருக்கு நான் சொல்வது: பின்னால் உழைக்கிற டயர், முன்னால் பிடிக்கிற டயர்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கை முன் டயர்தான் செய்கிறது. பின் டயர் வழுக்கினால் வால் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது, கீழே கிடப்போம். அதே சமயம் இன்ஜின் இழுவை முழுக்கப் பின் டயரில் இருப்பதால் தேய்மானம் பின்னால்தான் அதிகம். பொதுவாக ஒரு முன் டயர் முடிவதற்குள் இரண்டு பின் டயர் முடிந்துவிடும். ஆக முன்னால் மென்மையான ரப்பர் போட்டாலும் அது சீக்கிரம் தேயாது. செலவு குறைவு, பயன் அதிகம்.

டயர் கம்பெனிகள் முன்னும் பின்னும் ஜோடியாகப் போடச் சொல்கின்றன. பெரிய வண்டிகளில் அதைக் கேட்பது நல்லது. சின்ன வண்டிகளில் முன்னால் நீளக் கோடு போட்ட டயர், பின்னால் பட்டன் டயர் என்று கம்பெனியே கலந்துதான் அனுப்புகிறது. கலக்கும்போது இரண்டு விஷயத்தை மட்டும் மீறக் கூடாது. முன்னால் கடினம், பின்னால் மென்மை என்று தலைகீழாகப் போடாதீர்கள். முன்னால் ரேடியல், பின்னால் சாதா நைலான் டயர் என்றும் போடாதீர்கள் (இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்துச் சொல்கிறேன்). முன்னால் நைலான், பின்னால் ரேடியல் என்பது வேறு. யமஹா எஃப்ஸி போன்ற வண்டிகள் முன் 100/80-17, பின் 140/60ஆர்17 என்று அப்படித்தான் வருகின்றன.

அந்த ஆர் என்ற எழுத்துதான் ரேடியலுக்கு அடையாளம். சாதா டயரில் உள்ளே இருக்கிற நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகப் போகும். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், சுமையையும் குழியையும் தாங்கும். ரேடியலில் நூல் நேர் குறுக்காகப் போய் மேலே பட்டை அடுக்கு இருக்கும். வேகத்தில் சூடு குறைவு, சாயும்போது ரோட்டோடு நன்றாக ஒட்டும். மணிக்கு 60-இல் நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் 100-ஐத் தொடுகிறவர், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அடிக்கடி போகிறவர் உணர்வார். வண்டி சாதா டயரோடு வந்திருந்தால் ரேடியலுக்கு மாறுவது கட்டாயம் இல்லை. ரேடியலோடு வந்திருந்தால் பின்னால் காசை மிச்சப்படுத்தச் சாதா டயருக்கு இறங்க வேண்டாம்.

இதில் ஏபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதனால் டயர் எப்படி இருந்தாலும் வண்டி நிற்கும் என்று ஒரு தைரியம் வந்திருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மட்டும்தான் ஏபிஎஸ் வேலை. ரப்பரில் இல்லாத பிடிப்பை அது கொண்டுவராது. போதாக்குறைக்குப் பல 150, 160 சிசி வண்டிகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்னால் மிதித்தால் பழையபடி சறுக்கும்.

அகல டயர் ஆசை

வண்டி பார்க்கக் கெத்தாக இருக்க வேண்டும் என்று 100/90-17 இருக்கிற இடத்தில் 120, 130 போடுகிறவர்கள் நிறையப் பேர். கடைக்காரரும், "போடலாம் சார், எல்லாரும் போடுறாங்க" என்பார். உட்காரும், அதில் பொய் இல்லை. ஆனால் ரிம்மின் அகலம் மாறவில்லையே. ஒடுக்கமான ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூராகிவிடும். நேராகப் போகும்போது ரோட்டைத் தொடுகிற பரப்பு நினைத்த அளவு கூடாது. வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். மைலேஜ் குறையும். செயின் கவரிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்பதை இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு வேகத்தடை ஏறும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

அளவு கூடினால் உயரமும் மாறுகிறது. 100/90-17 டயரின் விட்டம் 612 மில்லிமீட்டர். 120/80-17 என்றால் 624. இரண்டு சதவீதம் பெரிது. சின்ன வித்தியாசம்தான், ஆனால் கியர் விகிதம் அந்த அளவுக்கு நீளும், இழுவை குறையும். கம்பெனியே அதே மாடலில் வேறு வகைக்கு அந்த அளவு கொடுத்திருந்து, ரிம்மும் ஒன்றே என்றால் போடலாம். இல்லையென்றால் ஒரு படிக்கு மேல் தாண்ட வேண்டாம். என் அபிப்பிராயத்தில் அந்த ஒரு படியும் வேண்டாம்.

ட்யூப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாய் சக்கரம் என்றால் ட்யூப்லெஸ், பேச்சே இல்லை. ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும், ஓரமாக நிறுத்த அவகாசம் கிடைக்கும். கிளாசிக் 350 மாதிரி ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் ட்யூப் வேண்டும். ட்யூப்லெஸ் டயரையே வாங்கி உள்ளே ட்யூப் போட்டு ஓட்டலாம். டயர் மாற்றும்போது ட்யூபையும் புதிதாக மாற்றுங்கள். நான்கு இடத்தில் ஒட்டுப் போட்ட பழைய ட்யூபைப் புது டயருக்குள் வைப்பது வீண் சிக்கனம். ட்யூப் டயரை அலாய் ரிம்மில் ட்யூப் இல்லாமல் மாட்டச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். ட்யூப்லெஸ்ஸுக்கு வால்வையும் ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், டயர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

டயரின் பக்கச்சுவரில் என்ன பார்ப்பது

"100/90-17 எம்/சி 55பி" என்று எழுதியிருந்தால்: அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். எம்/சி என்றால் மோட்டார் சைக்கிள் டயர். 55 என்பது சுமைக் குறியீடு, அந்த டயர் 218 கிலோ தாங்கும். பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்று பொருள். எஸ் என்றால் 180, எச் என்றால் 210. பழைய டயரில் இருந்ததை விட இந்த இரண்டும் குறையக் கூடாது. கூடினால் தப்பில்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15627 என்ற எண்ணும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நான்கு இலக்க எண் ஒன்று. 2324 என்று இருந்தால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. கடைக்காரர் டயரைச் சுற்றியிருக்கிற பேப்பரைப் பிரிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் சந்தோஷம். ஒரு வருடம் வரை வாங்கலாம். அதற்கு மேல் என்றால் விலையில் பேசுங்கள், இரண்டு வருடத்தைத் தாண்டியது என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறிப்பாக அந்தச் சனி ஞாயிறு ஓட்டுகிறவருக்கு இது உயிர்நாடி. அவர் கடினமான டயர் போட்டால் அது காய்ந்துதான் சாகப்போகிறது, அதன் வயதில் இரண்டு வருடத்தைக் குடோனுக்குத் தானம் செய்ய முடியாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பக்கச்சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிற திசையில் அது இருக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடுவது சகஜம். மழைநீரை வெளியே தள்ளும்படி வெட்டிய கோடுகள் அப்போது சரியாக வேலை செய்யாது. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும், அதுதான் டயரின் எடை குறைந்த இடம். அலாய் ரிம் என்றால் கடப்பாரை மாதிரி லீவர் போட்டு நெம்பாமல் மிஷினில் கழற்றுகிற கடையாகப் பாருங்கள். காற்று அடித்தபின் ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பின் சக்கரம் என்றால் செயின் தொய்வையும் சக்கரம் நேராக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாட்டிய பிறகு

புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டுங்கள். டயர் மாற்றிய அன்றைக்கே மலை ஏறுகிற திட்டம் வேண்டாம். மழை நாளில் மாட்டினால் இன்னும் பொறுமை.

அப்புறம் காற்று. ஐந்து வகையையும் ஒப்பிட்டு, தேதி பார்த்து, காசு கொடுத்து வாங்கிய டயரைக் கெடுக்க மிக எளிய வழி காற்றைப் பார்க்காமல் விடுவதுதான். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் 28, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 32 பிஎஸ்ஐ என்ற அளவில் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியது செயின் கவரிலோ கையேட்டிலோ இருக்கும். பங்கில் போய், "அண்ணே, காத்து பிடிங்க" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லா வண்டிக்கும் பிடிக்கிற ஏதோ ஒரு அளவைப் பிடித்துவிடுவார். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் டயர் சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டும், அதைக் குறைத்தால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். சின்ன கேஜ் ஒன்று வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பது சுலபம். பத்து நாளுக்கு ஒரு முறை போதும்.

காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் அரையும், வண்டி வளைவில் மிதக்கும், பெட்ரோலும் குடிக்கும். அதிகமானால் நடுவில் மட்டும் தேயும், குழியில் இடுப்பு ஒடியும். நைட்ரஜன் பிடிப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. சாதாரணக் காற்றிலேயே பெரும்பங்கு நைட்ரஜன்தான். இலவசமாகக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

டயருக்குள் முன்கூட்டியே ஊற்றுகிற பஞ்சர் திரவம் பற்றி இரண்டு கட்சி உண்டு. சின்ன ஆணிக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் ஆணி ஏறியதே தெரியாமல் நாள் கணக்கில் ஓட்டிவிடுவோம். பின்னால் உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டி வந்தால் அந்தப் பிசுக்கைத் துடைத்து எடுப்பதற்குள் கடைக்காரர் பொறுமை இழந்துவிடுவார். ஊர் தாண்டிப் போகிறவர் ஓட்டையில் செருகி அடைக்கிற ரப்பர் ஸ்டிரிப் கிட்டும் கையடக்கப் பம்பும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வதே மேல். ஸ்டிரிப் ரோட்டைத் தொடுகிற நடுப் பகுதிக்கு மட்டும்தான். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் டயரை மாற்றியாக வேண்டும், எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

எப்போது மாற்றுவது? மோட்டார் வாகன விதிப்படி இரு சக்கர வண்டிக்குக் கோடுகளின் ஆழம் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டயர் ஓரத்தில் டிடபிள்யூஐ என்றோ சின்ன முக்கோணமாகவோ ஒரு குறி இருக்கும்; அதற்கு நேரே கோட்டுக்குள் ஒரு மேடு தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் ஆகஸ்டில் மேட்டுக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம் என்றால், தீபாவளி வரை இழுக்கலாம் என்று யோசிக்காமல் செப்டம்பரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பல வாரம் காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் மழை விழும்போது எண்ணெயும் தூசியும் சேர்ந்து மேலே மிதக்கும். வெள்ளைக் கோடு, பாதாள சாக்கடை மூடி, மேம்பாலத்து இரும்பு இணைப்பு எல்லாம் அன்றைக்கு எதிரிகள். தேய்ந்த டயரோடு சந்திக்கிற நாள் அது இல்லை.

நெடுஞ்சாலையில் நேராகவே ஓடுகிற வண்டிகளுக்கு இன்னொரு வியாதி வரும். நடு மட்டும் தேய்ந்து டயர் தட்டையாகிவிடும், ஓரத்தில் பட்டன் புதிதாகவே இருக்கும். சென்னை ஜிஎஸ்டி ரோடு மாதிரி நேரான நெடுஞ்சாலையில் இது தெரியாது. மலைப் பாதையில் வளைவுக்குச் சாய்க்கும்போது வண்டி ஒரு விளிம்பில் ஏறி நின்று, திடீரென்று மறுபக்கம் விழுவது போல இருக்கும். ஆழம் சட்டப்படி சரியாக இருந்தாலும் அந்த டயரோடு வால்பாறை போகாதீர்கள். மாற்றிய பின் முதல் வளைவிலேயே வண்டி எளிதாகத் திரும்புவதை உணர்வீர்கள். இவ்வளவு நாள் வண்டியில்தான் கோளாறு என்று நினைத்திருப்பீர்கள்.

வயதைப் பொறுத்தவரை, ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு முறை ஆள் வைத்துப் பாருங்கள். நம் வெயிலில் வெளியிலேயே நிற்கிற வண்டி என்றால் ஆறு வருடத்தில் பட்டனைப் பார்க்காமலேயே மாற்றிவிடுவேன். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் நிழலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் அழுந்திக்கிடந்தால் அங்கே தட்டையாகும். பளபளப்புக்காக டயரில் பூசுகிற பாலிஷை ரோட்டைத் தொடுகிற பகுதியில் படவிடாதீர்கள். சர்வீஸ் முடிந்து வரும்போது டயர் கரேல் என்று மின்னினால் முதல் வேலையாக ஒரு துணியால் துடைத்துவிடுவது நல்லது.

பில்லில் டயரின் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் கொப்புளம் போல வீங்கினால், பட்டன் பிய்ந்து வந்தால், கம்பெனி தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கும். பில் இல்லாமல் போனால் பேச்சுக்கே இடமில்லை. கழற்றிய பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். எதற்காவது ஆகும் என்று மொட்டை மாடியில் போட்டு வைத்தால் மழைநீர் தேங்கி, டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிடும். மாநகராட்சிக்காரர்கள் ஆய்வுக்கு வந்தால் அதற்கு அபராதமும் போடுவார்கள்.